யாருக்குக் கீழே? தாய்லாந்து–பர்மா எல்லையில் பெண்கள் நலப் பணியும் வெளிநாட்டுத் தொண்டர்களும்



பேறுகாலம், கருத்தடை, கருச்சிதைவு என்று பெண்களின் உடல்நலத்துக்காக உழைக்கும் ஓர் உள்ளூர் அமைப்புக்கு, வேறு நாட்டிலிருந்து ஒருவர் தொண்டு செய்யப் போகிறார். அங்கே அவருக்கு என்ன வேலை? இதுதான் இன்றைய பேச்சு. உலகத்தைச் சுற்றிக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. தாய்லாந்தின் மேற்கு எல்லையில் இருக்கும் மே சொட் என்ற ஊரிலேயே பெரும்பாலும் நிற்கப் போகிறேன்.

இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், செவிலியர் கல்லூரி மாணவியரும் மருத்துவ மாணவர்களுமாகிய நீங்கள்தான். படிப்பு முடியும் சமயத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவர்களில் சிலர், வெளிநாட்டில் சில வாரம் தொண்டு செய்யப் போவதாகச் சொல்கிறார்கள். கையில் வண்ண விளம்பரத் தாள் ஒன்று இருக்கும். பணம் கட்டினால் தங்குமிடம், சாப்பாடு, வாரக் கடைசியில் சுற்றுலா, கூடவே ஒரு பிரசவ அறை. எதிர்த்திசையிலும் இதே வியாபாரம் நடக்கிறது. பணக்கார நாடுகளில் படிக்கும் பிள்ளைகள் நம்மைப் போன்ற நாடுகளின் லேபர் வார்டுகளுக்கு வந்து போகிறார்கள். சொந்த ஊரில் மேற்பார்வை இல்லாமல் எதையும் தொட முடியாதவர், இங்கே வந்ததும் தையல் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார். மேசைமேல் கிடப்பவளை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் வலியோடு கிடக்கிறவள், அதுவும் இலவச வார்டில் கிடக்கிறவள், வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? மற்ற தொண்டுகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். பள்ளிக்கூடச் சுவரைக் கோணலாகப் பூசிவிட்டால் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

இத்தகைய தொண்டைப் பற்றிச் சிந்தனையாளர் இவான் இல்லிச் 1968 ஏப்ரலில் ஒரு மாநாட்டில் பேசினார். கோடை விடுமுறையை மெக்சிகோ கிராமங்களில் தொண்டுக்குச் செலவிட இருந்த அமெரிக்க மாணவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேராகவே, உங்கள் நல்லெண்ணத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள் என்ற தொனியில் பேசினார். மெக்சிகோவைப் பார்க்க வாருங்கள், மலை ஏறுங்கள், படிக்க வாருங்கள். உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். வியன்னாவில் பிறந்து மெக்சிகோவில் நிலைகொண்ட மனிதர் அவர், அவரும் வெளியாள்தான் என்பது வேறு கதை. எனக்கு அவர் வாதத்தில் முக்கால் பங்கு உடன்பாடு. மீதிக் கால் பங்குக்குத்தான் மே சொட் வேண்டியிருக்கிறது. வெளியாள் தானாக வந்து இறங்குவதைப் பற்றி இல்லிச் பேசினார். உள்ளூர்க்காரர் வேலையை வகுத்து வைத்துவிட்டு, இன்னது தெரிந்த ஆள் இத்தனை காலத்துக்கு வேண்டும் என்று கேட்டால் நிலைமை வேறு.

மே சொட் கதை பர்மாவில் தொடங்குகிறது. 1988 ஆகஸ்டில் அங்கே மாணவர் எழுச்சி வெடித்தது. செப்டம்பர் 18 அன்று ராணுவம் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நின்றவர்களைச் சுட்டது. சிந்தியா மாங் என்ற இளம் மருத்துவர், கரேன் இனத்தவர், ஒரு சிறு குழுவோடு இரவுகளில் காட்டு வழியே நடந்து தாய்லாந்துக்குள் வந்தார். அவர் வளர்ந்த ஊர் மோல்மேன். நகரத்தார் வீட்டுப் பழைய கணக்கேடுகளைப் புரட்டியவர்களுக்கு அந்த ஊர்ப்பெயர் புதிதல்ல. தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன. 1989 பிப்ரவரியில் மே சொட்டின் ஊர்ப்புறத்தில், மண் தரை போட்ட ஒரு பாழடைந்த கட்டடத்தில் அவர் சிகிச்சை தொடங்கினார். ஓடிவந்த மாணவர்களுக்கு மலேரியா. அதுதான் முதல் வேலை. கருவிகளைக் கிருமி நீக்க வேறு வசதி இல்லாமல் சோறு ஆக்கும் மின்குக்கரில் கொதிக்கவைத்தார்கள். சில மாதத்தில் நாடு திரும்பிவிடலாம் என்பது அப்போதைய எண்ணம். அந்தக் கட்டடம்தான் வளர்ந்து மே தாவ் கிளினிக் ஆனது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் அளவுக்குப் பெருகியது. 2002-இல் சிந்தியா மாங்குக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். கிளினிக்கைத் தொடங்கி நடத்திய தலைவர் அப்போது தாய்லாந்துக் குடியுரிமை இல்லாதவர். அங்கே வைத்தியம் பார்க்கும் 'மெடிக்'குகள் பெரும்பாலும் அங்கேயே பயிற்சி பெற்ற அகதிகள். எந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலும் அவர்களுக்குப் பதிவெண் தரவில்லை. ஊருக்கு வெளியே சோதனைச் சாவடியைத் தாண்டுவதே அவர்களுக்கு ஆபத்து. அவர்களுக்குக் கீழே வேலை செய்ய அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பட்டம் பெற்ற டாக்டர்களும் மருத்துவத் தாதிகளும் வந்தார்கள். எந்தச் சாவடியையும் சிரித்துக்கொண்டே கடந்துவிடும் பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது. கிளினிக்கில் எது முதலில், எது பிறகு என்று சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. பட்டமும் பாஸ்போர்ட்டும் ஒரு பக்கம், அதிகாரம் இன்னொரு பக்கம் என்று இப்படித் தலைகீழாக அமைந்த இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

அங்கே வரும் பெண்கள் யார்? மே சொட்டைச் சுற்றியுள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் தைப்பவர்கள், சோளக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் கூலி வேலை செய்பவர்கள், வீட்டு வேலைக்காரர்கள். மோய் ஆற்றை டயர் டியூபில் கடந்து பர்மாப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் அப்படி எல்லை கடந்து வருகிறவர்கள் என்று கணக்கு. கர்ப்பம் என்றால் வேலை போகும் என்பதால் கருத்தடைக்கு வரிசை நிற்கும். மூன்று மாத ஊசிக்கு அங்கே மவுசு அதிகம். மாத்திரை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அறையில் கூட இருப்பவர்களுக்கும் தெரியாது. இந்தக் கணக்கு ஒரு வெளிநாட்டுத் தாதிக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் கரேன் ஆலோசகருக்கு அது தானாகவே தெரியும், ஏனென்றால் அவருடைய தங்கையும் அதே தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருக்கலாம்.

இனிக் கருக்கலைப்பு. இதைத் தவிர்த்துவிட்டுப் பெண்கள் நலம் பேசுவது நம் மேடைகளில் வழக்கம். நான் அந்த வழக்கத்தை மதிப்பதில்லை.

1860-இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டம் பர்மாவுக்கும் போனது. அதன் 312-ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காக்கும் நோக்கம் தவிர வேறு எதற்காகவும் கருவைக் கலைப்பது குற்றம். இலங்கைக்கு 1883-இல் வந்த தண்டனைச் சட்டத்திலும் ஏறத்தாழ அதே வாசகம்தான். நாம் 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் கொண்டுவந்து அந்தப் பூட்டைத் தளர்த்திக்கொண்டோம். பர்மாவில் பூட்டு அப்படியே இருந்தது. தாய்லாந்துச் சட்டம் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் வல்லுறவால் உண்டான கருவுக்கும் வழி விட்டிருந்தது. 2021-இல் 12 வாரம் வரை பெண் கேட்டாலே செய்யலாம் என்று திருத்தினார்கள். ஆனால் அடையாள அட்டை இல்லாதவள், தாய்லாந்து மொழி பேசத் தெரியாதவள், எந்த மருத்துவமனைக் கதவைத் தட்டுவாள்? வயிற்றைப் பலங்கொண்டு அழுத்தி நீவிக் கலைப்பவர்களிடம் போனார்கள். குச்சி செருகிக்கொண்டார்கள். நின்றுபோன மாதவிலக்கை வரவழைக்கும் என்று கடையில் விற்ற தூள்களைச் சாராயத்தில் கலந்து குடித்தார்கள். பிறகு காய்ச்சலோடும் உதிரப்போக்கோடும் மே தாவுக்கு வந்தார்கள்.

கிளினிக் செய்த முதல் காரியம் பெண்களை விசாரிப்பதை நிறுத்தியது. யார் கலைத்தது, ஏன் கலைத்தாய் என்ற கேள்விகளுக்குப் பதிலாகக் கைப்பம்பு உறிஞ்சு முறையில் கருப்பையைச் சுத்தம் செய்யவும், போகும்போது கருத்தடை கொடுத்து அனுப்பவும் மெடிக்குகளைப் பழக்கினார்கள். பழக்கியவர்களில் வெளிநாட்டுத் தொண்டர்கள் உண்டு. ஒருமுறை கற்றுக்கொண்டதும் மெடிக்குகளே அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மே சொட்டில் ஆராய்ச்சி செய்த ஓர் ஆஸ்திரேலியத் தாதி, சிந்தியா மாங்கோடு சேர்ந்தே இந்தப் பெண்களின் அனுபவங்களைப் பதிவு செய்து எழுதினார். எல்லைப் பகுதியில் இன்னொரு முயற்சியும் நடந்தது. மிசோப்ராஸ்டால் மாத்திரையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறையை உள்ளூர்ப் பெண்களின் வலைப்பின்னல் ஒன்றுக்குக் கற்பித்தார்கள். டாக்டர் இல்லை, தாதியும் இல்லை, ஊர்ப் பெண்கள். மூன்று ஆண்டுகளில் 900-க்கும் மேற்பட்ட பெண்கள் அவர்கள் வழியாக மாத்திரை பெற்றார்கள், அவர்களில் சுமார் 96 சதவீதத்தினருக்குக் கர்ப்பம் கலைந்தது என்று 2017-இல் வெளிவந்த மதிப்பீடு சொல்கிறது. கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த ஆய்வாளர்கள் பயிற்சிக்கும் கணக்கெடுப்புக்கும் துணை நின்றார்கள். மாத்திரையைக் கையில் கொடுத்தது அவர்களல்ல. இரவில் கதவைத் தட்டி, எனக்கு இரத்தம் நிற்கவில்லை என்று சொல்லக்கூடிய தூரத்தில் இருப்பவளே கொடுக்க வேண்டும் என்ற முடிவு சரியானது.

எல்லைக்கு அப்பால், பர்மாவுக்குள், நிலைமை இன்னும் மோசம். ராணுவம் கிராமங்களை எரித்ததால் காடுகளில் மறைந்து வாழ்ந்த மக்கள் அவர்கள். முதுகுப் பையில் மருந்து சுமந்து நடக்கும் சுகாதாரப் பணியாளர் குழு ஒன்று 1998-இலிருந்து அங்கே வேலை செய்கிறது. 2006-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கைப்படி, கிழக்குப் பர்மாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,000 முதல் 1,200 தாய்மார் இறந்தார்கள். அத்தகைய இடத்துக்கு வெள்ளைக்காரத் தொண்டர் போக முடியாது. போனால் அவரைப் பாதுகாக்கவே பத்துப் பேர் வேண்டும்.

அங்கேதான் 2005 முதல் 2008 வரை நடமாடும் பேறுகால மெடிக்குகள் என்ற திட்டம் நடந்தது. கரேன், கரென்னி, மோன், ஷான் பகுதிகளில் சுமார் 60,000 மக்களுக்கான திட்டம். உள்ளேயிருந்து சிலர் மே தாவுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிப் பயின்றார்கள்: உதிரப்போக்கை நிறுத்துவது, ஜன்னிக்கு மருந்து, தங்கிப்போன நஞ்சுக்கொடியை எடுப்பது, இரத்தம் ஏற்றுவது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காட்டில் இரத்த வங்கிக்கு எங்கே போவது? அதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். தேவை வரும்போது ஊராரிலிருந்தே கொடையாளியை அழைத்து, விரைவுச் சோதனைப் பட்டைகளால் இரத்தத்தைப் பரிசோதித்து, அந்த இடத்திலேயே எடுத்து ஏற்றினார்கள். நடக்கும் இரத்த வங்கி. பயின்றவர்கள் ஊர் திரும்பிச் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்பித்தார்கள். கிராமத்து மருத்துவச்சிகளையும் ஓரங்கட்டாமல் மூன்றாம் படியில் சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊரில் மருத்துவச்சிகளை நாம் எப்படி வீட்டுக்கு அனுப்பினோம் என்பதை இங்கே இருக்கும் மூத்தவர்கள் நினைத்துப் பார்க்கலாம். அவர்களுக்குப் பதில் ஆரம்ப சுகாதார நிலையமும் ஆம்புலன்ஸும் நமக்கு வந்தன. அங்கே பதில் எதுவும் இல்லை.

2010-இல் பிளாஸ் மெடிசின் இதழில் இதன் முடிவு வெளியானது. அவசரப் பேறுகாலச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் பார்த்த பிரசவங்கள் 5.1 சதவீதத்திலிருந்து 48.7 சதவீதமாக உயர்ந்தன. நவீனக் கருத்தடை பயன்படுத்துவோர் 23.9 சதவீதத்திலிருந்து 45 சதவீதம் ஆனார்கள். கட்டுரையின் ஆசிரியர்களில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் உண்டு, சிந்தியா மாங்கும் கரேன் சுகாதாரத் துறையினரும் உண்டு. வெளியாளின் வேலை என்ன என்று கேட்டேனே, ஒரு பதில் இந்தக் கட்டுரையில் இருக்கிறது. மாதிரி எடுப்பு எப்படி, வினாத்தாள் எப்படி, எண்ணிக்கையை உலகம் நம்பும்படி எழுதுவது எப்படி. அது அவர்களுக்குத் தெரிந்த வித்தை. வீடு வீடாகப் போய்க் கேட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள். ராணுவத்தின் கண்ணில் பட்டால் உயிர் போகும் வேலை அது.

இன்னொரு பதில் நீண்ட காலம். அதே எல்லையில் ஷோக்லோ என்ற அகதி முகாமில் 1986-இல் ஒரு மலேரியா ஆய்வுப் பிரிவு தொடங்கியது. கர்ப்பிணிகள் மலேரியாவால் செத்துக்கொண்டிருந்த இடம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் விரலில் குத்தி இரத்தம் பார்ப்பது, ஒட்டுண்ணி தெரிந்த உடனே மருந்து கொடுப்பது, இவ்வளவுதான் முறை. சாவு மளமளவென்று குறைந்தது. அதை நடத்திய பிரெஞ்சு, ஆஸ்திரேலிய மருத்துவர்கள் சிலர் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார்கள். ஆறு வாரத் தொண்டரோடு அவர்களை ஒரே பெயரில் அழைப்பது சரியில்லை.

நம்மவர் கதையிலும் இப்படி ஒருவர் உண்டு. கனடாவைச் சேர்ந்த டாக்டர் மேரி 1896-இல் மிஷன் மருத்துவராக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்துகொண்டதும் மிஷன் அவரைக் கைவிட்டது. மேரி ரத்னம் ஊர் திரும்பவில்லை. பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார், பள்ளிகளுக்குச் சுகாதாரப் பாடநூல் எழுதினார், 1930-இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கிக் கிராமப் பெண்களிடம் போனார். கருத்தடை என்ற பேச்சே அபச்சாரமாக இருந்த காலத்தில் அதைப் பேசினார். 1958-இல் அவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. அனுப்பிய சபை கைவிட்ட பிறகுதான் அவர் அந்த நாட்டுக்குச் சொந்தமானார் என்று எனக்குத் தோன்றும்.

பணம் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1984-இல் மெக்சிகோ நகரத்தில் நடந்த மக்கள்தொகை மாநாட்டில் அமெரிக்கா ஒரு விதியை அறிவித்தது. வெளிநாட்டுத் தொண்டு அமைப்பு ஒன்று கருக்கலைப்புச் செய்தாலோ அதற்கு வழி சொன்னாலோ, தன் சொந்தப் பணத்தில் அதைச் செய்தாலும்கூட, அமெரிக்கக் குடும்பநல நிதி கிடைக்காது. ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தால் விதி போகும், குடியரசுக் கட்சி வந்தால் திரும்பி வரும். 1993-இல் போனது, 2001-இல் வந்தது, 2009-இல் போனது, 2017-இல் இன்னும் அகலமாக வந்தது, 2021-இல் போனது, 2025 ஜனவரியில் மறுபடி வந்தது. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து. மே சொட்டில் ஒரு மெடிக் எந்தச் சொல்லை நோயாளியிடம் சொல்லலாம் என்று யோசிக்க வேண்டும். அதே 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி ஏறத்தாழ முழுவதும் நிறுத்தப்பட்டபோது, எல்லை அகதி முகாம்களில் அந்த நிதியில் நடந்த மருத்துவமனைகள் சில நாட்களுக்குள் மூடப்பட்டன. நிறைமாதக் கர்ப்பிணிகளை வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள். தொண்டர் ஒருவர் தன் கையால் செய்யும் நன்மையைவிட, தன் நாட்டு அரசாங்கத்தைக் கேள்வி கேட்டுச் செய்யும் நன்மை பெரிதாக இருக்கலாம் என்று அமெரிக்கத் தொண்டர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. நமக்கு அந்த வாய்ப்பு வேறு வடிவில் உண்டு: பர்மா அகதிகளை நம் அரசு எப்படி நடத்துகிறது என்று கேட்கலாம்.

சரி, கடிதம் கேட்டு வருகிறவர்களிடம் நான் என்ன சொல்கிறேன்? உன்னை அழைத்தது யார் என்று முதலில் கேட்பேன். இடைத்தரகு நிறுவனமா, அந்த அமைப்பா? அங்கே உன் மேலதிகாரி யார், அவர் எந்த ஊர்க்காரர்? நீ போவதால் அங்கே ஒருவர் கற்றுக்கொள்கிறாரா, அல்லது ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு உனக்கு மொழிபெயர்க்க உட்கார வேண்டியிருக்கிறதா? இங்கே உன் உரிமத்துக்கு மீறிய எதையும் அங்கே செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பாயா? ஆறு மாதத்துக்குக் குறைவாக என்றால் பிரசவ அறைப் பக்கம் போகாதே. மருந்துக் கிடங்குக் கணக்கு, பதிவேடு, பயிற்சிக் கையேடு என்று ஆயிரம் வேலை இருக்கும். பிறப்புப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு எந்தத் தாளும் இல்லாவிட்டாலும் தாய்லாந்தில் பிறந்த குழந்தையைப் பதிவு செய்யலாம் என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது. பதிவு இல்லாவிட்டால் அந்தக் குழந்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் வளரும். தாயின் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் பதிவேட்டில் ஏற்றுவதும், அதன் நகல் உரிய அலுவலகத்துக்குப் போனதா என்று பார்ப்பதும் படம் எடுத்து அனுப்பத் தக்க வேலைகள் அல்ல. எந்த விளம்பரத் தாளிலும் அவை வருவதில்லை.

நம் செவிலியர்களுக்கு இதில் கூடுதல் தகுதி இருப்பதாக எனக்கு ஒரு நம்பிக்கை. ஒரே கட்டிலில் இரண்டு பேரைப் படுக்கவைத்துப் பிரசவம் பார்த்த காலம் நம் வார்டுகளில் இருந்தது. குறைந்த சாமானில் வேலை நடத்தத் தெரியும். ஆனால் நாம் நோயாளியை அதட்டவும் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்ற வேண்டாம்.

2021 பிப்ரவரியில் பர்மாவில் மீண்டும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அரசு மருத்துவமனைகளின் டாக்டர்களும் தாதிகளும் ராணுவத்துக்கு வேலை செய்ய மாட்டோம் என்று வெளியேறினார்கள். பலர் தேடப்படும் ஆட்களாகி எல்லைக்கு வந்தார்கள். எல்லை ஓரத்துச் சிறு மருத்துவமனைகளில் சம்பளம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் வேலை பார்க்கிறவர்கள் அவர்களில் உண்டு. இப்போது உங்களில் யாராவது அங்கே போனால், உங்களுக்கு ஷிஃப்ட் போட்டுக் கொடுப்பவர் ரங்கூனில் மகப்பேறு மருத்துவம் படித்த, கையில் எந்தத் தாளும் இல்லாத ஒரு பெண்ணாக இருக்கலாம். அவர் உங்களைப் பதிவேட்டு மேசைக்கு அனுப்பினால் அங்கே போய் உட்காருங்கள். பர்மிய மொழியைக் கிளம்புவதற்கு முன்பே படிக்கத் தொடங்குங்கள். நம் காதுக்கு அதன் தொனி பிடிபடச் சில மாதம் ஆகும்.